மலையூர் லேபல்

விடிய ஐந்து மணி. இருபது கிலோ மா மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு, கனடாவின் மொன்ட்ரியால்-நோரிலுள்ள பாஸ்தா ஆலையின் பின்கதவால் மாக்கிரட் உள்ளே வந்தாள். வெளியே பனி, உள்ளே மாத்தூள். இரண்டும் இமையில் ஒட்டின. உருளை இயந்திரத்தருகே ஐந்து பேர் நின்றார்கள். குணேஸ்வரியின் இடம் வெறுமையாகக் கிடந்தது.

வியாழக்கிழமை அவளுடைய வலக்கையை உருளை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டது.

மூடியைத் திறந்தால் இயந்திரம் தானாக நிற்கும். நின்றால் பாஸ்தாத் தட்டுகள் நிறையப் பிந்தும். முதலாளி வித்தோரியோ கத்துவான். அதனால் பாக்கெட்டில் ஒட்டும் லேபலை நாலாக மடித்து, மூடிச் சுவிச்சுக்குள் செருகிவிட்டு வேலை செய்வார்கள். லேபலில் முதலாளியின் ஊர் றொக்காவேந்த்தோவின் படம், இத்தாலியில் றோமுக்குக் கிட்ட ஒரு குன்றின் மேல். உச்சியில் கோயில், சரிவில் கல்வீடுகள், ஏறிப்போக ஒரு படிக்கட்டு. குணேஸ்வரி படிகளைக்கூட எண்ணியிருந்தாள். “நாற்பத்திரண்டு, மாக்கிரட். நான் மூச்சு வாங்காமல் ஏறுவன் பார்.”

வியாழக்கிழமை லேபலைச் செருகியவள் மாக்கிரட்.

வித்தோரியோ ஒரு கடதாசியோடு வந்தான். “ஒரு கையெழுத்து, அக்கா.” ‘அக்கா’ மட்டுமே அவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல். மிச்சமெல்லாம் பிரெஞ்சு. “எங்கள் றொக்காவேந்த்தோ மேயர் இன்று ஆலை பார்க்க வருகிறார். அதற்குமுன் இதை முடித்துவிடுவோம்.”

“எண்ணூறு பேருக்கு ஒரு மேயர். எங்கடை கட்டடத்திலை அதைவிடக் கூடச் சனம்,” என்று பக்கத்தில் நின்ற றெக்ஸ் முணுமுணுத்தார்.

“என்ன எழுதியிருக்கு, றெக்ஸ் அண்ணை?”

வாசித்தவரின் குரல் இறங்கியது. “குணேஸ்தான் சுவிச்சை அடைச்சவவாம். பிழை முழுக்க அவவின்ரையாம். இதை வைச்சே அவவை வேலையாலை நிப்பாட்டிப்போடுவான், பிள்ளை.”

கையெழுத்திட்டால் மாக்கிரட் தப்பலாம். ஆஸ்பத்திரியில் குணேஸ்வரி, இல்லாத விரல்கள் நோகுது என்று அழுதுகொண்டிருந்தாள்.

“நான்தான் வைச்சன்,” என்றாள் மாக்கிரட், உடைந்த பிரெஞ்சில்.

“சும்மா இரு. எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே குடும்பம். இங்கேயும் அப்படித்தான்.”

“குடும்பமெண்டா ஏன் நீ இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை?”

“அப்படியானால் உன் பெயரை எழுதுகிறேன்.”

“எழுது. தட்டு பிந்தினா வீட்டை போ எண்டு கத்தினது ஆர்? அதையும் எழுது.”

ஹெயிட்டியிலிருந்து வந்த ரோஸ்லீன் முன்னால் வந்தாள். “புதன்கிழமை வைத்தது நான். என்னையும் எழுது.”

“செவ்வாய் நான்,” என்றார் றெக்ஸ். மற்ற மூவரும் கையுறைகளைக் கழற்றி மேசையில் போட்டார்கள்.

“மேயருக்கு நான் எதைக் காட்டுவது?” வித்தோரியோ அலறினான்.

“அந்தச் சுவிச்சைக் காட்டு,” என்றாள் மாக்கிரட்.

றெக்ஸ் இயந்திரத்தை நிறுத்தினார். ஆறு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

“நாளைக்கு உள்ளுக்கு விடுவானோ?” என்றார் றெக்ஸ்.

“தெரியாது, அண்ணை. முதல் குணேஸிட்டைச் சொல்லவேணும், நான்தான் வைச்சனெண்டு.” மாக்கிரட் இமையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தாள். “அவள் என்ரை முகத்தைப் பார்ப்பாளோ?”

ரோஸ்லீன் அவளுடைய கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ் வந்தது. ஆறு பேரும் ஏறினார்கள்.