நாற்காலியில் ஒரு வெள்ளை இடம்

நேரில் பார்க்காமல் எதையும் வரையக் கூடாது என்பது என் ஓவிய வகுப்பில் சட்டம். போட்டோவைப் பார்த்து வரைந்து வந்து நீட்டும் பிள்ளைகள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கடைசியில் அந்தச் சட்டத்தில் நானே மாட்டிக்கொண்டு முழித்தேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பெரிய கித்தானில் வரைந்திருந்தேன். மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள், நான் வெங்காயம் உரிக்கிறேன், இஸ்திரிப் பெட்டியின் வயர் தொங்குகிறது. ஜன்னலோர நாற்காலியில் மட்டும் ஓர் ஆள் அளவுக்கு வெள்ளை. அது என் வீட்டுக்காரருக்கு. அவர் கடல் கடந்து ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர்.

"போட்டோ அனுப்புறேன், பார்த்து வரைஞ்சுக்கயேன்" என்பார் போனில்.

"போட்டோவோடயா நான் குடும்பம் நடத்துறேன்? வந்து உட்காருங்க, வரையறேன்."

பிள்ளைகளுக்கு அந்த வெள்ளை ஒரு கேலி. "டீச்சர், சார் வர்ற வரைக்கும் அதுல ஒரு பூனையையாவது உட்கார வைங்க!"

என் மற்ற படங்களில் எல்லாம் ஊரைவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்தான். கயிறு கட்டிய அட்டைப் பெட்டியோடு பேருந்து நிலையத்தில் காத்திருப்பார்கள். பிள்ளைகளையும் அங்கே கூட்டிப்போவேன். "முகத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. போறவன் சிரிச்சுக்கிட்டுதான் இருப்பான். குதிகாலைப் பாருங்க, தரையில படாம நிக்கும்" என்பேன்.

"இந்தத் தடவை வந்தா வந்ததுதான். இனிமே எந்தப் பட்டறையும் வேணாம்" என்று அவர் போனில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் யாரையுமே திட்டவில்லை. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

வந்தார். மறுநாள் காலையிலேயே நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"சட்டை மாத்தணுமா?"

"வேணாம். வீட்டில இருக்கிற மாதிரி இருங்க."

"அது எப்படின்னே மறந்துபோச்சு" என்று சிரித்தார்.

மேலிருந்து தொடங்கினேன். காதோரம் நரைத்திருந்தது, கன்னத்தில் நெருப்புப் பொறி பட்ட தழும்பு. ஆசை தீரப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். அவரும் வாய் ஓயாமல் பேசினார். ஒழுகும் குழாயை மாற்ற வேண்டுமாம், மகளுக்குச் சைக்கிள் கற்றுத்தர வேண்டுமாம்.

தோளுக்கு வந்தேன். அவர் முதுகு நாற்காலியில் படவில்லை.

"நல்லா சாஞ்சு உட்காருங்க."

சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி நுனிக்கு வந்துவிட்டார். கையை முடித்துக் காலுக்கு வந்தேன். இரண்டு குதிகாலும் தூக்கியிருந்தன.

என் கண்தான் தப்பு என்று நினைத்து, தூரிகையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். உள்ளே மகள் பாடிக்கொண்டே பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "திரும்பிப் போக எப்பங்க டிக்கெட்?"

அவர் உள்ளே மகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "உனக்கு யார் சொன்னா?"

நான் அவர் குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறுபடி கூப்பிட்டாங்க... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பொண்ணுக்கு இப்போ தெரிய வேணாம்."

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்காக இப்படி ஏங்க வேண்டியிருக்கிறதே!

"அசையாதீங்க" என்றேன். "இன்னும் கால் பாக்கி இருக்கு."

அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். மெதுவாகக் குதிகால்களை இறக்கித் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். அவர் மறுபடி தூக்குவதற்குள் வரைந்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகத் தூரிகையை ஓட்டினேன்.