ஊர்ப் பொது முழங்கால்

“பத்து வாரமா? பத்து வாரத்துல நான் ஒரு ஸ்டேஷனையே கட்டி முடிச்சிடுவேன் டிரெஸரே! ஒரு முட்டிக்குப் போயா பத்து வாரம்?”

“ஸ்டேஷனுக்கு ஜவ்வு கிடையாது கிராணியாரே, முட்டிக்கு உண்டு. பிஞ்சுபோன ஜவ்வு உங்க மேட்ச் தேதியைப் பார்த்து ஒட்டாது.”

“நீ என்ன, இங்கிலீஷ்கார டாக்டரா? கட்டுப் போடுற ஆளு!”

“கட்டுப் போடுற ஆளுக்குத்தான் எது கட்டு, எது கட்டுக்கதைன்னு தெரியும்.”

இப்படி இருவரும் நல்லம்மாள் வீட்டு முன்வாசலில் கத்திக்கொண்டிருக்க, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் ஒரு வீட்டிலும் அன்று சாயங்காலம் அடுப்பு எரியவில்லை. பெண்கள் எல்லாரும் வேலியோரம் நின்றுவிட்டால் அடுப்பை யார் மூட்டுவது?

ரயில்வே ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி தம்புசாமி, பந்து கிளப்புக்கும் செயலாளர். பிறந்த நாள் முதலாய் அவர் ஒரு பந்தையும் உதைத்தது கிடையாது. ஒரு முறை வாசலுக்கு உருண்டு வந்த பந்தைக் குடையால் தள்ளிவிட்டார். அந்தக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரோடு மல்லுக்கு நின்ற சபாபதி, ரயில்வே மருந்தகத்தில் டிரெஸர். கல்யாணமாகாத ஆள், சிரிக்கத் தெரியாத ஆள். ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது குவாட்டர்ஸின் கணிப்பு.

சண்டைக்குக் காரணமான முழங்கால் உள்ளே நாற்காலியில் நீட்டிக்கிடந்தது. அது நல்லம்மாளின் ஒரே மகன் விஜயனுடையது. வயது பத்தொன்பது. மூன்று வாரத்துக்கு முன் ஆட்டத்தில் ஒரு தடியன் பூட்ஸ் காலோடு அதன்மேல் வந்து விழுந்தான். அன்றிலிருந்து அது ஊர்ப் பொது முழங்காலாகிவிட்டது. காலையில் ஒருவர் உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசுவார். மத்தியானம் இன்னொருவர் அதைக் கழுவிவிட்டு நொச்சி இலை ஒத்தடம் கொடுப்பார். சாயங்காலம் பக்கத்துக் கம்பத்துக் கிராமத்திலிருந்து உருவிவிடும் மலாய்க்காரப் பெரியவர் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு எண்ணெய் போடுவார். பக்கத்து வீட்டு வீரம்மா மட்டும் எதையும் பூசவில்லை. ‘கால் குணமானா விஜயன் பத்துமலையில காவடி எடுப்பான்’ என்று முதல் வாரமே வேண்டிக்கொண்டாள். விஜயனைக் கேட்டாளா? முருகனிடம் பேசும்போது விஜயன் எதற்கு?

சண்டையின் முடிவில் தம்புசாமி குரலை இறக்கினார். அவர் குரலை இறக்கினால்தான் பயப்பட வேண்டும்.

“நல்லம்மா, நாளை மறுநாள் சனிக்கிழமை கிள்ளான்காரனோட கப் மேட்ச். பையன் இறங்கியாகணும். ஒர்க்‌ஷாப்புல அவனை எடுத்ததே பந்துக்காகத்தான். சனிக்கிழமை ஆடலேன்னா பெர்மனென்ட் லிஸ்ட்டுல அவன் பேரு வராது. பேரு வரலேன்னா இந்த வீடு… நான் சொல்ல வேணாம்.”

சொல்ல வேண்டியதில்லைதான். புருஷன் போய் இரண்டு வருஷம். மகன் ரயில்வேயில் இருக்கும்வரைதான் அந்த ஒன்றரை அறை வீடு.

டிரெஸர் போகும்போது அவளிடம் மட்டும் சொன்னார்: “இன்னும் ஏழு வாரம்மா. அதுக்குள்ள இறக்கினா, அப்புறம் அவன் பந்தை வேலிக்கு வெளியே நின்னுதான் பார்க்கணும்.”

நல்லம்மாளுக்கு அதைப் பார்க்க வேலி தேவைப்படவில்லை. மறுநாள் காலை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிற வழியில் ரயில்வே கேட்டில் ஜெயராஜ் நின்றான். ஒரு காலத்தில் கிளப்பின் சிங்கம். அவனுக்கும் முட்டிதான். அவனையும் தம்புசாமி மூன்றாவது வாரமே இறக்கிவிட்டார். தோளில் தூக்கி ஊர்வலம்கூடப் போனார்கள். இப்போது ஒரு காலை இழுத்து இழுத்துக் கேட்டைத் திறக்கிறான். அன்று தூக்கியவர்கள் எல்லாரும், “ஏன்டா இவ்ளோ ஸ்லோவு?” என்று சைக்கிள் மணியடித்துவிட்டுப் போகிறார்கள்.

கூடையில் கீரைகூட வாங்காமல் திரும்பியவள், தண்ணீர்க் குழாயடியில் வீரம்மாவைப் பிடித்தாள்.

“அக்கா, தைப்பூசத்துக்கு இன்னும் எத்தனை நாளு?”

“நாளையிலேர்ந்து எண்ணுனா சரியா நாப்பத்தெட்டு. ஏன், நேர்த்திக்கடனை மறந்துட்டேன்னு நினைச்சியா?”

நாற்பத்தெட்டு. ஏழு வாரம் என்றால் நாற்பத்தொன்பது. ஒரு நாள்தான் குறைகிறது. அதை முருகன் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

“ஒரு மண்டலம் முழுசா விரதம் இருக்கட்டும்க்கா. நாளைக்குக் காலையில நீயே உன் கையால காப்புக் கட்டிடு.”

வீரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றவர்கள் ஒரு வாரம் இருந்துவிட்டுக் காவடி எடுக்கிற ஊரில், தன் நேர்த்திக்கு ஒரு மண்டலம்!

சனிக்கிழமை மத்தியானம் தம்புசாமி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். ஒரு கையில் இஸ்திரி போட்ட ஜெர்சி, இன்னொரு கையில் பளபளக்கும் பூட்ஸ். விஜயன் நெற்றி நிறையத் திருநீறோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

“என்னடா இது?”

“காப்புங்கய்யா.”

“இருக்கட்டும், கையிலதானே இருக்கு. காலை நீட்டு, பூட்ஸைப் போடு.”

“ஐயோ!” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வீரம்மா பாய்ந்து வந்தாள். “காப்புக் கட்டின புள்ளை தோலைத் தொடலாமா? பூட்ஸு தோலு, பந்தும் தோலு, அதுவும் மாட்டுத் தோலு! ஏன் கிராணியாரே, கோயில் கமிட்டியில இருக்கிற உங்களுக்கு நானா சொல்லித்தரணும்? தெய்வக் குத்தம் லா!”

வேலியோரம் நின்ற அத்தனை தலைகளும் ஆடின. நேற்றுவரை ‘என்ன பெரிய ஜவ்வு’ என்றவர்கள், ‘ஓடினால்தான் ரத்தம் ஓடும்’ என்றவர்கள், உருவிவிட வந்த மலாய்க்காரர் உட்பட. தம்புசாமி பூட்ஸைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். கமிட்டித் தேர்தல் வேறு வருகிறது. பூட்ஸை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“அப்ப… அந்த லிஸ்ட்டு?” என்று நல்லம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

“சாமி காரியத்துல இருக்கிற பையன் பேரை யாரும்மா அடிப்பான்?” என்று எரிந்து விழுந்தார் அவர். அத்தனை பேரும் அதற்குச் சாட்சி.

அன்று கிள்ளான்காரர்கள் ஐந்து கோல் போட்டார்கள். நம்மவர்கள் ஒன்றும் போடவில்லை. யாரும் விஜயனைக் குறை சொல்லவில்லை. கோல்கீப்பர் காலையில் மீன் சாப்பிட்டதுதான் காரணம் என்று முடிவாயிற்று.

டிரெஸர் பத்து வாரம் கேட்டபோது பைத்தியக்காரன் என்ற ஊர், முருகனுக்கு நாற்பத்தெட்டு நாளை முணுமுணுக்காமல் கொடுத்தது. உளுந்து மாவும் எண்ணெயும்கூட நின்றுபோயின. விரதக்காரன் காலை யார் தொடுவது? முட்டி அதன் வாழ்க்கையில் முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது. சபாபதி தினமும் வந்து, வலது காலை ஒரு அங்குலம், மறுநாள் ரெண்டு அங்குலம் என்று மடக்கி நீட்டவைத்தார். மலாய்ப் பையன்கள் விளையாடும் பிரம்புப் பந்து ஒன்றும் கொண்டுவந்தார். தோல் இல்லையே! விஜயன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை இடது காலால் தட்டித் தட்டிச் சுவரில் அடித்தான். அதுவரை இடது கால் அவனுக்கு நிற்க மட்டும்தான் உதவியது.

தைப்பூசத்தன்று ஸ்பெஷல் ரயிலில் குவாட்டர்ஸே பத்துமலைக்குப் போயிற்று. விஜயன் காவடியோடு மரப்படிகளில் நிதானமாக ஏறினான். பின்னாலேயே ஏறிய சபாபதியின் கண் முழுக்க அவன் முட்டிமேல். அது பக்திதான் என்று வீரம்மா சாதித்தாள். நல்லம்மாள் மேலே பார்க்கவில்லை. அவன் திரும்பி இறங்கி, கடைசிப் படியிலிருந்து நொண்டாமல் தரையில் கால் வைத்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

அடுத்த சீசனில் அவன் ரெண்டு காலாலும் கோல் போட்டான். “அவசரப்படாதீங்கன்னு அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்” என்று தம்புசாமி ஊரெல்லாம் சொன்னார். கணுக்கால் சுளுக்கியவன், தோள் இறங்கியவன் எல்லாரையும் டிரெஸரே நேராக வீரம்மாவிடம் காப்புக் கட்ட அனுப்பினார். கட்டுத்துணி வேலை செய்யாத இடத்தில் மஞ்சள் கயிறு வேலை செய்தது.

பிறகு சபாபதி, தம்புசாமியின் மகள் ரமணியைக் கட்டிக்கொண்டார். அடுத்த மாதமே முகூர்த்தம் என்று மாமனார் குதிக்க, மாப்பிள்ளை பத்து வாரம் கேட்டாராம். விஜயன் பெர்மனென்ட் ஆனான், ஆனால் கிள்ளான் ஸ்டேஷனில். அங்கே, அன்றைய ஐந்து கோலில் மூன்றைப் போட்டவனின் தங்கை தனலெட்சுமியைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த டீமுக்கே ஆடுகிறான். நல்லம்மாளும் மகனோடு போய்விட்டாள். எந்த வீட்டுக்காக அன்று நடுங்கினாளோ, அதைத் தானே பூட்டிச் சாவியைத் தம்புசாமி கையில் கொடுத்தாள். சாமான்களோடு அந்த நாற்காலியும் ரயிலேறியது. அந்த வீட்டில் இப்போது கேட் ஜெயராஜ் இருக்கிறான். வாசலிலிருந்து கேட்டுக்கு இருபதே அடி.