யாயு அது?

முழங்கையில் இருந்த தீக்காயம் எப்படி வந்தது என்று பேட்டியில் சொல்லி முடித்தபோது உருளையின் கையில் அந்தத் தழும்பு இல்லை. மேடை நகைச்சுவைக்காரரான அவரை ஊரே உருளை என்றுதான் கூப்பிட்டது. அன்று வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி கையைப் பிடித்துக் கேட்டபோது, "எனக்கு எப்பம்மா தீ சுட்டுது?" என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

டயர் கடைக்கு மேலே இரண்டு நாற்காலியும் ஒரு மைக்கும் போட்டுப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தவள் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். குறுக்கே பேசமாட்டாள்; "அப்புறம்?" என்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குக் கலைஞர்கள் மணிக்கணக்காக மனதைக் கொட்டினார்கள். அங்கே உண்மையாகச் சொன்னது சொன்னவரை விட்டுப் போய்விடும் என்பது, டயர் விலை ஏறியதுபோல, கொஞ்ச நாளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியானது. பாடகி ஒருத்தி ஓடிப்போன புருஷனைப் பற்றிச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் அவன் எதிரே வந்தபோது வழிப்போக்கனுக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கிப் போனாள். மாயவித்தைக்காரர் தன் பயத்தைச் சொன்னார். அதன்பின் அவர் கை நடுங்கவில்லை, வித்தையைப் பார்க்கவும் யாரும் வரவில்லை.

இதையெல்லாம் கேட்ட உருளையின் மனைவிக்கு மகள் நினைவுதான் வந்தது. அவர்களுடைய ஒரே மகள் ஏழு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அவளுக்கு ரகரம் வராது. கதவு தட்டினால் ஓடிவந்து "யாயு அது?" என்பாள். அவள் போன பிறகு அந்தக் குரலை உருளை மேடைக்குக் கொண்டுபோனார். "யாயு அது?" என்று அவர் கேட்டதும் அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். கடைசி வரிசையில் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அது புருஷன் குரல் இல்லை, மகளேதான். அதைக் கேட்கத்தான் அவள் எல்லா ஆட்டத்துக்கும் போனாள்.

"அங்க போயி என்ன வேணும்னாலும் சொல்லுங்க. குட்டியப் பத்தி மட்டும் வேணாங்க" என்று அவரிடம் கெஞ்சினாள்.

"ஒவ்வொரு வாட்டியும் நாக்குல நெருப்ப வெச்ச மாதிரி இருக்கும்மா. அவங்க சிரிக்கச் சிரிக்க நான் அவள மறுபடி மறுபடி பொதைக்கிறேன்."

"அப்ப நான் எங்க போயி அவ குரலக் கேக்குறது?"

மறுநாள் அவர் போய் மகளைப் பற்றிச் சொல்லிவிட்டார். அந்தப் பேட்டியைக் கேட்டு அழாதவர்கள் இல்லை. அடுத்த ஆட்டத்தில் கதவு தட்டும் கட்டம் வந்தபோது அவர் வாய் திறந்தது, "யாரு அது?" என்று சுத்தமாக வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பழைய ஒலிப்பதிவுகளிலும் அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான். சில மாதங்களில் மேடைக்குக் கூப்பிடுவது நின்றது. அவர் கவலைப்படவில்லை. படுத்தால் கட்டை போலத் தூங்கினார், உடம்பு தேறியது.

மனைவிக்கு மனது கேட்கவில்லை. ஒரு நாள் மகளின் படத்தை முன்னால் வைத்து, பிறந்ததிலிருந்து போனது வரை அவருக்குச் சொன்னாள். சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு டயர் கடைப் பக்கம் போய், மத்தியானம் எதுவும் நினைவில்லாமல் பசியோடு திரும்பி வந்தார். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்து அவள் மறுபடி சொன்னாள். மறுபடியும் போய்வந்தார். அந்த முறை கண்ணாடிக்காரியே வீடு தேடி வந்துவிட்டாள்.

"நீங்களும் வந்து ஒக்காருங்களேன். எத்தனை நாளைக்குத்தான் தனியாச் சுமப்பீங்க?"

"என்கிட்ட இருக்கிறது அவ ஒருத்திதான். அவளையும் கேக்குறியேம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு டயர் கடை இருக்கும் தெருவில் அவள் கால் வைக்கவில்லை. அவர்கள் இருவரும் சண்டை சச்சரவு இல்லாமல் வயதானார்கள். எப்போதாவது அலமாரியைக் குடையும்போது அந்தப் படம் அவர் கையில் அகப்படும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"நல்ல களையா இருக்காளே. யாரும்மா இந்தப் பொண்ணு?"

"தெரியலையேங்க" என்பாள் அவள். படத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவருக்குச் சாப்பாடு போடப் போவாள்.