யாரோ ‘வாங்க’ என்றார்கள்

அதிகாலையில் நாய்களை நடத்திச் செல்பவருக்கு ஊர் முதலில் காதுக்குத்தான் கிடைக்கிறது. கண்ணுக்கு வந்து சேர்வது பிறகுதான். பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் கண்ணின் பங்கு இன்னும் குறைந்துவிடும். என் கையிலிருந்து புறப்படும் நான்கு கயிறுகளும் சற்றுத் தொலைவிலேயே வெண்மைக்குள் புகுந்து மறைந்துவிடும். மறுமுனையில் நாய்கள் இருக்கின்றன என்பதை இழுப்பைக் கொண்டுதான் நம்ப வேண்டும். நான்கு சிறு காற்றுகளைக் கட்டி அழைத்துப் போவதாகவே சில காலைகளில் எனக்குத் தோன்றியிருக்கிறது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் அமர்ந்திருந்தேன். ‘வாங்க’, ‘உட்காருங்க’, ‘கொஞ்சம் இருங்க’ என்னும் மூன்று சொற்களே அங்கே என் தொழில். அலுவலகம் மூடப்பட்டது, சொற்கள் மட்டும் நாவில் தங்கிவிட்டன. ஆகவே நாய்களிடமும் அவற்றையே சொன்னேன். நான்கு பேரை ஒருசேர அழைக்கையில் ‘வாங்க’ என்பது பன்மைதானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நான்கில் ஒருவர் மட்டும் பின்தங்கும்போதும் அதையே சொன்னேன் என்பதற்கு இலக்கணத்தில் மரியாதைப் பன்மை என்று இடம் இருக்கிறது.

என்னுடன் வசிக்கும் அக்காவுக்கு இது தீராத வேடிக்கை.

“நாய் படாத பாடுன்னு ஊர்ல சொல்வாங்க. நீ நாயோட படற பாட்டுக்கு என்னடி பேரு?” என்பாள், ஈரமான என் காலணிகளைச் செய்தித்தாளின் மேல் கவிழ்த்தபடி. “போதாக்குறைக்கு வாங்க போங்க வேற. கூடப் பொறந்தவள என்னிக்காவது அப்படிக் கூப்பிட்டிருக்கியா?”

“நீங்க வேணும்னா சொல்லுங்க அக்கா, கூப்பிடறேன்.”

“ஐயோ வேணாம் தாயே. அப்புறம் கழுத்துல பெல்ட் மாட்டிடுவ.”

பாடு இல்லாமல் இல்லை. மழையில் நனைந்த கயிறு உள்ளங்கையை அறுக்கும். ஒருவர் பூனையைக் கண்டு கிழக்கே பாய, இன்னொருவர் கம்பத்தை முகர மேற்கே நிற்பார். நடுவில் என் தோள்மூட்டு. அவர்கள் கழிப்பதைக் குனிந்து பையில் அள்ளும் வேளையில்தான் அறிமுகமானவர்கள் எதிரே வந்து நலம் விசாரிப்பார்கள். ஆயினும் கதவுக்கு அப்பால் என் காலடி கேட்டதும் ஓர் உயிர் முழு உடம்பையும் வாலாக்கி ஆட்டுகிறது என்றால், அந்த நாளில் மற்றவர் யாரும் என்னை வரவேற்க வேண்டிய அவசியமே இருப்பதில்லை.

நால்வரில் மூத்தவரை நான் மாப்பிள்ளை என்று அழைப்பேன். பெரிய, வெள்ளை நிற நாய். சொல்லுக்குச் சொல் உபசரித்தால்தான் நகர்வார். குரல் சற்றுக் கடுத்தாலும் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போல முறுக்கிக்கொண்டு நடுத்தெருவில் அமர்ந்துவிடுவார். அவருக்கு இரு கண்களிலும் புரை விழுந்திருந்தது. பால் ஊற்றிய கோலிக்குண்டுகள் போன்ற அந்தக் கண்களுக்கு எல்லாக் காலைகளும் பனிக்காலைகளே. குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடந்தார். ‘வாங்க’ என்றால் அந்த ஒலியின் பக்கம் திரும்புவார். எங்கள் இருவருக்கும் இடையில் கயிறு என்பது வெறும் சம்பிரதாயம்.

அவரை வளர்ப்பவர் ஒரு பல் மருத்துவர். நாள் முழுவதும் பிறர் வாயைத் திறக்கச் சொல்லும் அந்த அம்மையாருக்கு எவரிடமும் சுற்றி வளைக்கும் பழக்கம் இல்லை. “வாடா”, “போடா”, “தின்னுடா” என்பார் மாப்பிள்ளையிடம். மாப்பிள்ளை அசைய மாட்டார். “திமிர பாத்தியா!” என்று என்னிடம் முறையிடுவார். அவர் குரலில் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை விசாரிப்பது முறையன்று என்று நான் ஒதுங்கிக்கொள்வேன்.

அன்று காலை நான் சென்றபோது அந்த வீட்டின் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. மருத்துவரும் அவர் கணவரும் வாசலில் நின்று பனியை நோக்கி மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“என் அக்கா ஊருக்குக் கெளம்பினாங்க,” என்றார் கணவர். அவருக்கு மூச்சு வாங்கியது. “டாக்ஸி வந்துச்சு. வழியனுப்ப எல்லாரும் வெளிய வந்தோம். அவ்ளோதான். திரும்பிப் பாத்தா உங்க மாப்பிள்ளையக் காணோம்.”

“உங்க அக்கா ஒரு தடவைல கெளம்பற ஆளா?” என்றார் மருத்துவர். “கதவுகிட்ட அரை மணி நேரம் பேச்சு. ‘போயிட்டு வாங்க அண்ணி, போயிட்டு வாங்க அண்ணி’ன்னு எனக்கு வாயே வலிச்சுப் போச்சு.”

நான் மருத்துவரின் பக்கம் திரும்பினேன்.

“டாக்டர், என்ன சொன்னீங்க?”

“போயிட்டு வாங்கன்னேன். வேற என்ன சொல்வாங்க?”

வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள். நம்மில் எவரும் விருந்தினரைப் ‘போங்கள்’ என்று அனுப்புவதில்லை; போகிறவரிடம் வரச் சொல்லித்தான் விடைகொடுக்கிறோம். அந்த மங்கலமான ஈற்றுச் சொல்லை மட்டும் கேட்டு, அழைத்தது தன்னைத்தான் என்று நம்பி, மாப்பிள்ளை படியிறங்கிப் போயிருக்கிறார். டாக்ஸியும் போய்விட்டது. அவர் முன்னே குரல்கள் நிறைந்த ஊர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தயங்கித் தயங்கி விளக்கினேன். மருத்துவர் என்னையே பார்த்தார்.

“அப்போ நான் இத்தனை வருஷமா ‘வாடா’ன்னு கத்தினது?”

“‘வாங்க’ன்னா மட்டும்தான் தன்னக் கூப்பிடறாங்கன்னு நான் அவரப் பழக்கிட்டேன் டாக்டர். மன்னிக்கணும்.”

“என்னப் பிடிக்கலன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!” என்றார். பிறகு சட்டென்று செருப்பை மாட்டினார். “நடம்மா. இன்னிக்கு ஊர்ல ஒரு பல்லும் புடுங்க வேணாம்.”

கணவர் வாசலில் காத்திருப்பது என்றும் நாங்கள் இருவரும் தேடுவது என்றும் முடிவாயிற்று. மற்ற மூன்று வீடுகளுக்கும் மன்னிப்புடன் செய்தி அனுப்பினேன். மாப்பிள்ளை கிடைக்காவிட்டால் இனி எவருடைய நாயின் கயிற்றையும் தொடும் தகுதி எனக்கில்லை என்று நடக்கையிலேயே எனக்குள் தீர்மானித்துவிட்டேன். பார்வையற்ற ஒருவருக்கு நான் ஒரே ஒரு சொல்லைக் கொடுத்திருந்தேன். அதுவும் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்.

எங்கே தேடுவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு ‘வாங்க’ ஒலிக்கும் திசையில் நடந்தேன். அதுவரை அறிந்திராத ஓர் ஊர் பனிக்குள்ளிருந்து எழுந்தது. கதவுகள், சன்னல்கள், கடை மறைப்புகள் எல்லாவற்றின் பின்னாலும் யாரோ யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார்கள். வாங்க, உள்ள வாங்க, சீக்கிரம் வாங்க, இப்படி வாங்க. வீட்டு எண்ணும் தெருப்பெயரும் அழிந்து, அழைப்புகளால் மட்டும் கட்டப்பட்டிருந்தது அந்த ஊர். அதில் நான் இடம்வலம் தெரியாமல் மிதந்தேன். முதன்முறையாக மாப்பிள்ளையின் கண்களால் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அழைப்பு ஒரு தேநீர்க் கடையினுடையது.

“வெள்ளை நாயா? ஆமா, வந்துச்சு,” என்றார் கடைக்காரர். “நான் ரெகுலர் கஸ்டமர் ஒருத்தர ‘வாங்க சார்’னு கூப்பிட்டேன். சார் பெஞ்சுல உக்காந்தாரு. பக்கத்துல இதுவும் வந்து ஜம்முனு உக்காந்துச்சு.”

“அப்புறம்?” என்றார் மருத்துவர்.

“அப்புறம் என்ன, தண்ணிய ஊத்தி வெரட்டினேன்.”

அடுத்தது முடிதிருத்தும் கடை. நாற்காலியில் இருந்தவரின் தலையைப் பிடித்தபடியே முடிதிருத்துபவர் பேசினார்.

“அடுத்தது யாரு, வாங்கன்னேன். இது வருது! மூஞ்சில அத்தன முடி. எங்க ஆரம்பிக்கறதுன்னு நானே ஒரு நிமிஷம் மலைச்சுட்டேன்.”

நாற்காலியில் இருந்தவர் குலுங்கிச் சிரித்தார்.

“தலைய ஆட்டாதீங்க சார். காது போயிடும்.”

“இப்ப எங்க போச்சு?” என்றேன்.

“தொடப்பத்த எடுத்தேன். பஸ் ஸ்டாப் பக்கம் போச்சு.”

பேருந்து நிறுத்தத்தில் எவரும் இல்லை. சிறிது நேரத்தில் பனியைக் கலைத்துக்கொண்டு ஒரு பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. “உள்ள வாங்க, முன்னாடி வாங்க, படியில நிக்காம வாங்க,” என்று நடத்துநரின் குரல் இனிமையாக வழிந்தது. நானும் மருத்துவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஏறிக்கொண்டோம்.

“முன்னாடி போன வண்டியில ஒரு நாய் ஏறுச்சாம்,” என்றார் அந்த நடத்துநர், நாங்கள் கேட்டதும். “அந்தக் கண்டக்டர் போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கறான். கடைசி ஸ்டாப்புல இறங்க மாட்டேங்குதாம்.”

கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பேருந்து நகர்கிறதா, ஊர்தான் எங்களைக் கடந்து போகிறதா என்று சொல்ல முடியாத பயணம். மருத்துவர் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசி நிறுத்தத்தில் சாலை ஏதோ ஒரு நீர்ப்பரப்பின் கரையில் முடிந்தது. நீர் தெரியவில்லை, அலையோசை மட்டும் கேட்டது. அங்கே நின்றிருந்த பேருந்தின் படியருகே ஒரு நடத்துநர் வெறுங்கையை வீசிக்கொண்டிருந்தார்.

“போடா! எறங்குடா! டிக்கெட்டும் எடுக்கல, எறங்கவும் மாட்டேங்குது. என்ன ஜென்மம்மா இது?”

மாப்பிள்ளை கடைசி இருக்கையின் மூலையில் சுருண்டிருந்தார். ரோமம் நனைந்து ஒட்டியதில் பாதி ஆளாகிவிட்டிருந்தார். படியில் நின்று, என்னால் இயன்ற அளவு மென்மையாக அழைத்தேன்.

“வாங்க.”

அவர் வரவில்லை. காதுகள் தலையோடு படிந்தன. முகத்தைச் சன்னலின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுபடி நான் அழைக்கவில்லை. அன்று காலை முழுவதும் அந்தச் சொல் அவரை அழைத்துப்போய்த் தண்ணீரிலும் துடைப்பத்திலும் விட்டிருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, முறுக்கவில்லை; நம்புவதை நிறுத்திவிட்டார். இருட்டில் அவருக்கு இருந்த ஒரே கைப்பிடி உடைந்துபோயிருந்தது.

எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அது என் தொழிலில் இருந்ததில்லை. அன்று தெரிந்துகொண்டேன். உள்ளே சென்று, அவருக்கு எட்டாத தொலைவில், அதே இருக்கையின் மறுகோடியில் அமர்ந்தேன். சற்றுப் பொறுத்து மருத்துவரும் வந்து எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார். நடத்துநர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார். அலையோசை கேட்டது. பேருந்துக்குள் பனி புகுந்து, தகர ஓரங்களும் எங்கள் முகங்களும் மங்கின. எவ்வளவு நேரம் என்று அறியேன். ஈரமான கனம் ஒன்று என் தொடையின் மேல் மெதுவாக வந்து தங்கியது. அது அவருடைய தாடை.

மருத்துவர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார். மாப்பிள்ளை அதை முகர்ந்து, ஒரு முறை நக்கினார்.

“கிராம்பு வாசனை,” என்றார் மருத்துவர். “கழுவினாலும் போகாது.”

அதே பேருந்தில்தான் திரும்பினோம். மூவருக்கும் பயணச்சீட்டு எடுத்தார் மருத்துவர்.

“நாளைக்கு வருவல்ல?” என்று கேட்டார்.

“அவரை இனி எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல டாக்டர். அது தெரியாம கயிறப் பிடிக்க எனக்கு பயமா இருக்கு.”

“புதுசா ஒரு வார்த்தை சொல்லிக் குடு. ஊர்ல எவனும் எவனையும் பாத்து சொல்லாத வார்த்தையா.” சிறிது யோசித்தார். “எங்க வீட்டுல யாருமே சொல்லாத வார்த்தை ஒண்ணு இருக்கு. ‘தப்பு என்மேலதான்’.”

“அத நான் நாள் முழுக்கச் சொல்வேனே டாக்டர்.”

அவர் உரக்கச் சிரித்தார். மாப்பிள்ளையின் வால் இருக்கையில் லேசாகத் தட்டியது. வீடு சேரும்வரை இருவரும் சொற்களை எடுத்து எடுத்துப் பார்த்தோம். நல்ல சொற்களெல்லாம் யாருக்கோ ஏற்கெனவே சொந்தமாக இருந்தன. இறுதியில், அகராதியில் இல்லாத, பொருளும் இல்லாத, ஆனால் சொல்லும்போது உதடு குவிந்து இளகும் சொல் ஒன்று அகப்பட்டது. மருத்துவர் அதை மாப்பிள்ளையின் காதுக்குள் சொன்னார். நான் மறு காதுக்குள் சொன்னேன். அடுத்த நாள் பனிக்குள் நின்று சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்தார். மூன்று கயிறுகளும் என்னை மூன்று திசையில் இழுத்தன. நான்காவது கயிறு, தளர்ந்தபடியே, என்னை நோக்கி வந்தது.

அந்தச் சொல்லை இங்கே எழுதாமைக்குப் பொறுத்தருள வேண்டும். எழுதினால் யாரேனும் வாய்விட்டுப் படித்துவிடக்கூடும். அவருக்கு மிக நன்றாகக் காது கேட்கிறது.