கர்ட்டின் வின்செஸ்டர்

மான் வேட்டை தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வேட்டைக்காரர் கிளப்பில் வழக்கம்போல் பான்கேக் விருந்து. சமையலறையில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த டார்லாவின் கண், பரிமாறும் ஜன்னலுக்கு அப்பால் ஆண்கள் உட்கார்ந்திருந்த நீள மேசையிலேயே இருந்தது. மூன்று வருடம் கழித்து அவள் கணவர் எல்வுட் அந்த மேசைக்கு வந்திருந்தார். வந்தார் என்பதைவிட, அவள் இழுத்து வந்தாள் என்பதே சரி.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த துப்பாக்கியைக் கொண்டுவந்து, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு மேசைமேல் வைப்பார். பிறகு, சாவதற்குள் வாங்க ஆசைப்படுவது எது என்று சொல்லுவார். தங்கள் கல்யாணக் கதையைக்கூட இவ்வளவு ஆசையாகச் சொல்லமாட்டார்கள் இந்த ஆட்கள்.

"அறுபத்து நாலாம் வருஷத்துக்கு முன்னால செஞ்ச மாடல் செவன்ட்டி துப்பாக்கி, ஒண்ணே ஒண்ணு. அது கையில கெடைச்சா போதும், மறுநாளே என்னைப் பொதைச்சுடலாம்," என்றார் மெர்ல். எல்வுட்டின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி.

"இதையேதான் பத்து வருஷமா சொல்ற. குழி வெட்டிட்டுக் காத்துக்கிட்டிருக்கோம், சீக்கிரம் வாங்கு," என்றார் பக்கத்திலிருந்த ஹார்லன்.

மேசை சிரித்தது. எல்வுட்டும் கொஞ்சம் சிரித்தார். அதைப் பார்த்து டார்லாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவர்களுடைய ஒரே மகன் கர்ட், இருபத்துநாலு வயதில், மரம் ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து செத்துப்போனான். பன்னிரண்டாம் வயதில் அப்பா கொடுத்த வின்செஸ்டர் தொண்ணூற்று நாலு துப்பாக்கியைக் கடைசி நவம்பர் வரை அவன்தான் காட்டுக்குச் சுமந்தான். அவன் போன பிறகு எல்வுட் காடு இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. தினமும் சாப்பிட்டு முடித்ததும் கீழ்த்தளத்துக்குப் போய், அந்தத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மேலே வந்தால் பேச்சு கிடையாது. மகன்தான் போய்விட்டான், இந்த மனுஷனாவது தனக்கு மிஞ்ச வேண்டும் என்பதைத் தவிர டார்லாவுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

ஒருநாள் அவளே அதை எடுத்துப் பார்த்தாள். மரக்கட்டை முழுக்கக் கீறல். விசைக்கு முன்னால், இடது பக்கமாக, இரும்பின் கருநீலம் போய் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துக் கிடந்தது. உயிரையே வைத்திருக்கும் பொருளை யாராவது இப்படிப் போட்டுவைப்பார்களா? இதைப் புதுசாக்கிக் கொடுத்தால் மனுஷன் மறுபடி காட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

இந்த வசந்தத்தில் எல்வுட்டுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுதான் சமயம் என்று டார்லா துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உள்ளூர்க் கடையில் கொடுத்தால் மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் எண்பது மைல் தாண்டி, துப்பாக்கி பழுதுபார்க்கும், யாரென்றே தெரியாத ஒருவரிடம் கொடுத்தாள்.

"பழசு பழசாவே இருந்தா நல்லதும்மா," என்றார் அந்த ஆள்.

"இல்லைங்க. கடையிலேர்ந்து இப்பத்தான் எடுத்த மாதிரி இருக்கணும்," என்றாள் அவள்.

பிறந்தநாளன்று அதை எல்வுட் கையில் கொடுத்தாள். அவர் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். வெகுநேரம் தடவினார். பிறகு, "ரொம்ப அழகா இருக்கு, டார்லா," என்று அவள் நெற்றியில் முத்தமிட்டார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இப்போது மேசையில் எல்வுட்டின் முறை. லீவரைத் தள்ளித் திறந்து காட்டிவிட்டு வைத்தார். மெர்ல் ஆசையாக எடுத்து, இடது பக்கம் திருப்பினார். மறுபடி திருப்பினார். அவர் முகம் மாறிப்போனது.

"எல்வுட், கர்ட்டோட கை எங்கடா?"

ஹார்லன்தான் மெல்ல ஆரம்பித்தார். "அவன் எடது கைக்காரன்ல. கையில தூக்கிட்டு நடந்து நடந்து நமக்கெல்லாம் ஒரு பக்கம் தேஞ்சா, அவனுக்கு மறுபக்கம் தேஞ்சிருக்கும். இருட்டுல தடவிப் பாத்தாகூட இது அவனோடதுன்னு சொல்லிடுவேன்."

"பன்னெண்டு வருஷம் புடிச்சுப் புடிச்சுத் தேஞ்ச எடம்டா. எந்த மடையன் இதை வழிச்சு எடுத்தான்?" என்றார் மெர்ல்.

"நான்தான்," என்றார் எல்வுட். "துரு ஏறுதேன்னு குடுத்தேன். யோசிக்காம பண்ணிட்டேன்."

"உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"கெட்டுத்தான் போச்சு."

அடுப்பில் பான்கேக் கருகிக்கொண்டிருந்தது. டார்லாவுக்கு அது தெரியவில்லை. மூன்று வருடமாகக் கீழ்த்தளத்தில் அவர் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. மகனின் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைத்தான் அவள் எண்பது மைல் ஓட்டிக்கொண்டு போய்ச் சுரண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறாள். பெற்றவள், அவளுக்கே தெரியவில்லை.

ஈரக் கையோடு அவள் வெளியே வந்தாள்.

"அவர் சொல்றது பொய். நான் செஞ்சேன். அவருக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய் நான்தான் குடுத்தேன்."

மெர்ல் தொப்பியைக் கழற்றினார். "டார்லா, நான் உன்னைச் சொல்லலம்மா..."

"எந்த எடம்னு காட்டுங்க."

அவர் அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். வழவழவென்று, சில்லென்று இருந்தது. எந்தக் கடையில் எந்தத் துப்பாக்கியைத் தொட்டாலும் அப்படித்தான் இருக்கும். அத்தனை பேர் முன்னால் அவள் வாய்விட்டு அழுதாள். எல்வுட் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வண்டியில் ஏறிய பிறகும் அவர் அதைக் கிளப்பவில்லை.

"ஒரு வார்த்தை திட்டிடு, எல்வுட். அடக்கி வெச்சுக்காத," என்றாள் அவள்.

"நீ வெளிய வந்து சொல்லியிருக்க வேணாம்."

"என் பழியை நீ எதுக்குச் சுமக்கணும்? என்னைக் காப்பாத்தவா?"

"உன்னைக் காப்பாத்த இல்ல, டார்லா." அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். "பாக்கறவங்ககிட்ட எல்லாம் நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, ஒருநாள் நானே அதை நம்பிடுவேன்னு நெனச்சேன். உன்கூட இருக்க எனக்கு வேற வழி தெரியல."

பிறகு சாவியைத் திருப்பினார்.