ஹார்கிரீவ் துடைத்த உதடு

லங்காஷயரில் எங்கள் பஞ்சாலை ஊரில் பிணம் குளிப்பாட்டுவது நான்தான். முதலாளியானாலும் சரி, ஆலையில் அறுந்த நூல் முடிகிற பெண்ணானாலும் சரி, கடைசித் துணி உடுத்திவிடுவது இந்த ஹெஸ்டரின் கைதான். போன கோடையில் என் மகள் கெசியாவையும் இதே கைதான் கழுவியது.

குடல் காய்ச்சல். எங்கள் சந்தின் கக்கூஸ் குழி கசிந்து அடிபம்புத் தண்ணீரில் கலக்கிறது, பம்பை மூடுங்கள் என்று சுகாதார ஆய்வாளர் தோர்ப் தலைபாடாய் அடித்துக்கொண்டார். கேட்பார் யார்? சந்து வீடுகளெல்லாம் ஜேபஸ் ஹார்கிரீவுடையவை. நகரச் சுகாதாரக் குழுவின் தலைவனும் அவனே. வேலியே பயிரை மேய்கிற கதை.

"அந்தத் தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கும். அழுக்கு உங்க உடம்புல இருக்கு, தண்ணியில இல்ல" என்று என் முகத்துக்கு நேரே சொன்னான்.

ருசிதான், அதுதான் கொடுமை. எனக்கு மிஞ்சியிருப்பவன் மகன் ஜோபி ஒருவன். அவனும் அதையே குடித்தான்.

பனிக்காலத்தில் ஹார்கிரீவின் தாய் வயதாகிப் போய்ச் சேர்ந்தாள். ஆள் அனுப்பினான், போனேன்.

செத்தவரின் நெற்றியில் முத்தமிடாவிட்டால் கனவில் வந்து நிற்பார்கள் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். குழுக்காரர்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டில் நின்றார்கள், தோர்ப்பும் நின்றார். நான் ஈரத்துணியால் கிழவியின் நெற்றியை ஒருமுறை துடைத்து விலகினேன். ஹார்கிரீவ் குனிந்து முத்தமிட்டான். உதட்டில் ஈரம் ஒட்டியது.

"முகம் பளபளன்னு இருக்கு, ஹெஸ்டர்" என்றான்.

"இருக்காதா பின்ன? நம்ம சந்துப் பம்புத் தண்ணியில கழுவியிருக்கேன் ஐயா. ரெண்டு வாளி மேடேறித் தூக்கிட்டு வந்தேன். நீங்கதான் கல்கண்டுன்னீங்களே!"

அவன் கை தானாகக் கைக்குட்டைக்குப் போனது. தேய்த்தான், துப்பினான், மறுபடியும் தேய்த்தான்.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்ட!"

"நல்ல தண்ணிதானே ஐயா? ஏன் துடைக்கிறீங்க?"

தோர்ப் ஓரடி முன்னால் வந்து, "நானும் அதைத்தான் கேக்கணும், தலைவரே" என்றார்.

அத்தனை பேர் பார்த்தபிறகு மழுப்ப முடியுமா? அந்த வாரமே பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஜோபி இப்போது சந்துக்குப் புதிதாய் வந்த குழாய்த் தண்ணீர் குடிக்கிறான்.

உண்மையைச் சொல்கிறேன். கிழவி நல்லவள், கெசியாவுக்கு ஆப்பிள் கொடுத்தவள். அவளை அந்தச் சாக்கடையில் கழுவ எனக்கு மனம் வரவில்லை. நான் கழுவியது அவன் வீட்டுத் தண்ணீரில், அவன் அடுப்பிலேயே கொதிக்கவைத்து. இது ஹார்கிரீவுக்குத் தெரியாது. கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி உதட்டுத் தோல் உரிந்து கிடக்கிறதாம். காய்ச்சல் வந்துவிட்டதா என்று விடிந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறானாம். கேட்கக் கேட்க எனக்கு வயிறு குளிர்கிறது.

"போதும்டி, சொல்லிடு. பாவம்" என்றாள் பக்கத்து வீட்டு டோர்கஸ்.

"பாவமா? கெசியா காய்ச்சல்ல தண்ணி தண்ணின்னு கேட்டப்போ, அந்தப் பம்புத் தண்ணியைத்தானேடி கரண்டி கரண்டியா ஊட்டினேன்! 'நல்லா இருக்கும்மா, இன்னும் கொஞ்சம்'னு கேட்டா. குடுத்தேன். அவன் இன்னும் கொஞ்சம் தேய்க்கட்டும்."