வைஸில் கட்டாத ரைபிள்

தாணுலிங்கம் ரைபிளைத் தோளில் ஊன்றி, கன்னத்தை அதன் மரக்கட்டையில் சாய்த்து, பட்டறைச் சுவரில் காலண்டர் தொங்கிய ஆணியைக் குறிபார்த்தார். பக்கத்தில் குந்தியிருந்த செந்தில்வேல் அவருடைய கன்ன எலும்பு கட்டையில் பதிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தான். போன மாதம் இழுத்த கோடு இன்னும் அழியாமல் பக்கத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"இன்னும் கொஞ்சம் இழைக்கணும் மாப்ள. மொகத்தை இந்தப் பக்கமா ஓட்டிக்கிட்டுப் போனாத்தான் வளையம் முழுசாத் தெரியுது."

"இழைச்சிருவோம் அத்தான்," என்றான் செந்தில்வேல். அத்தான் ஒன்றைக் கேட்டு அவன் முடியாது என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

தாணுலிங்கம் அவனுடைய அக்காள் முத்துக்கனியின் கணவர். தூத்துக்குடியில் வத்தல் மண்டி வைத்திருந்தார். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள் ஊரையே புழுதியாக்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவர்கள் கோயில் கமிட்டியில் சேருவார்கள், இல்லாவிட்டால் முனிசிபல் எலெக்‌ஷனில் நின்று சேர்த்ததைத் தொலைப்பார்கள். தாணுலிங்கம் ரைபிள் கிளப்பில் சேர்ந்தார். மில் மேனேஜர்களும் கப்பல் ஏஜெண்டுகளுமாக இங்கிலீஷ் பேசுகிற கூட்டத்தில், மடித்துக் கட்டிய வேட்டியும் கழுத்தில் துண்டுமாக வத்தல் நெடியோடு போய்ப் படுத்து, ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கிற அட்டையில் கறுப்புப் பொட்டின் நடுவைத் துளைத்துவிட்டு, ஒரு தும்மல் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். அதற்கப்புறம் அவர் வேட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ரைபிள் சின்னது, பாயிண்ட் டூ டூ. தோட்டாவும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். அதன் அடிவிளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் தட்ட வேண்டும். இல்லையென்றால் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். லாஞ்சு எஞ்சின்களுக்கும் உப்பளப் பம்புகளுக்கும் லேத்தில் சாமான் கடைந்துகொண்டிருந்த செந்தில்வேல், அத்தானுக்காக இந்த வேலையைக் கற்றுக்கொண்டான். கிளப்பே பிறகு அவனைத் தன் ரிப்பேர்காரனாகப் பதிவுசெய்துகொண்டது. கடல் காற்றில் கட்டை ஊதிக் குழலைத் தள்ளுகிறது என்று கண்டுபிடித்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுனியிலிருந்து அடிவரை தடங்கலில்லாமல் இழுக்கிற அளவுக்குக் குடைந்தான். ஊசியின் முனையை எண்ணெய்க் கல்லில் தேய்த்துச் சமன்செய்தான். விசையை இழைத்து இழைத்து, விரல் பட்டதா இல்லையா என்று விரலுக்கே தெரியாதபடி ஆக்கினான். வேலை சுத்தமாக முடிந்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

கிளப்பில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவருடைய ரைபிளை, சாமானைக் கவ்விப் பிடிக்கிற பட்டறை இடுக்கியான வைஸில் கட்டிச் சுட்டுப் பார்க்கக் கூடாது, அவரே கேட்டாலொழிய. வைஸில் கட்டிச் சுட்டால் கை நடுக்கம், மூச்சு, கண் எதுவும் குறுக்கே வராது. ரைபிள் யோக்கியமா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். அது யோக்கியம் என்று தெரிந்துவிட்டால் பழி ஆள் தலையில்தானே விழும்? முன்பு ஒரு மில் மேனேஜர் சண்டைபோட்டுக் கட்டச் சொல்லி, ரைபிளில் குறையில்லை என்று எல்லார் முன்னாலும் தெரிந்துபோய், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. மற்றவர்களுக்கே அப்படியென்றால், அத்தானுடைய ரைபிளை வைஸில் கட்டுகிற எண்ணம் செந்தில்வேலுக்குக் கனவிலும் வராது. அக்காளுக்குத் தாலி கட்டியவர் முன்னால் உட்காரவே அவன் யோசிப்பான்.

முதல் குறை மழைக்காலம் முடிந்ததும் வந்தது. ரைபிளின் வாயோரம் ஒரு சிறு கூட்டுக்குள் வளையம் உண்டு. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசித்துளை போட்ட தகடு. துளை வழியே பார்த்தால் வளையம் தெரிய வேண்டும், வளையத்துக்குள் கறுப்புப் பொட்டு நடுவாக உட்கார வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

"வளையம் இடது பக்கம் ஒடைஞ்சி தெரியுது மாப்ள. பிறை கணக்கா."

செந்தில்வேல் வளையத்தைக் கழற்றிப் பார்த்தான். விளிம்பில் கறுப்பு கொஞ்சம் போயிருந்தது. இதுதான் காரணம் என்று முடிவுகட்டி, பித்தளையில் சற்றே பெரிதாக, தடிப்பாகப் புதிய வளையம் கடைந்து, மண்ணெண்ணெய் விளக்கில் புகை பிடித்துக் கறுப்பாக்கிப் போட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குண்டுகள் எல்லாம் ஓரிடத்தில் போய்க் கூடின. திருநெல்வேலிப் போட்டியில் கோப்பையும் கிடைத்தது. அங்கே போட்ட மாலையைத் தாணுலிங்கம் கழற்றி, எல்லாரும் பார்க்க, மைத்துனன் கழுத்தில் போட்டார். அன்றைக்குச் செந்தில்வேலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் வெளிச்சம் பத்தவில்லை என்றார். துளையைப் பெரிதாக்கினான். மறுபடி வளையம் உடைந்தது. இன்னும் பெரிய வளையம் போட்டான். பிறகு முகத்தை நகர்த்த வேண்டும் என்றார், கட்டையை இழைத்தான். ஒவ்வொரு தடவையும் குண்டுகள் கொஞ்ச நாள் கூடிவந்தன. ஒவ்வொரு தடவையும் அவன் தன் கையை மெச்சிக்கொண்டான்.

ஒரு மத்தியானம் முத்துக்கனி பட்டறைக்கு வந்தாள். தம்பிக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் தூக்குவாளியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, ஒங்க அத்தானுக்குக் கண்ணுல ஏதும் கோளாறு இருக்குமோ?"

"ஏன்க்கா?"

"நடையில கெடக்க ஸ்டூல்ல தெனமும் தட்டுதாவ. எடது பக்கமா நான் நின்னா, நிக்கதே தெரியமாட்டேங்கு. கூப்பிட்டாத்தான் திரும்புதாவ. கேட்டா, ரோசனையில வந்தேங்காவ."

செந்தில்வேல் சிரித்தான். மேசை இழுப்பறையிலிருந்து அத்தான் போன வாரம் சுட்ட அட்டையை எடுத்து நீட்டினான். கறுப்புப் பொட்டின் நடுவே துளைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒரு நாலணாக் காசை வைத்து மூடிவிடலாம்.

"அம்பது மீட்டர்க்கா. நீயும் நானும் அங்கன அட்டை இருக்குன்னே கண்டுபிடிக்க மாட்டோம். கண்ணு தெரியாத ஆளு சுட்டதா இது?"

அவள் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளைகளைப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது. "எனக்கு என்னத்தத் தெரியும்? நீ சொன்னாச் சரிதாம்ல," என்று சொல்லி, தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு, அட்டையை வாங்கி முந்தானையில் சுற்றி எடுத்துப்போனாள். அன்றைக்கு அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளே பிடிவாதம் பிடித்துப் புருஷனை டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான். அட்டை அவள் வாயை அடைத்துவிட்டது.

மறுவருஷம் சித்திரையில், மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று தொடங்கியபோது மெட்ராஸ் போட்டிக்குத் தாணுலிங்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மண்டிக்காரர்கள் ரயிலடிக்கு மேளம் கொண்டுவருவதாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்துக் குண்டுகள் கலைந்தன. ஒன்று மேலே, இரண்டு இடதுபக்கம், ஒன்று அட்டைக்கே வெளியே. செந்தில்வேல் காற்றைச் சொன்னான். பிறகு தோட்டாப் பெட்டியைச் சொன்னான். வேறு பெட்டி வாங்கி வந்தார்கள். கட்டையில் இருந்த திருகுகளை எல்லாம் கழற்றி மாட்டினான். விசையைப் பிரித்துப் போட்டுப் பட்டறையில் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அத்தான் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "நீ பாத்துருவ மாப்ள," என்று மட்டும் சொல்லிவிட்டு, வத்தல் கொள்முதலுக்குச் சாத்தூர் போய்விட்டார்.

அவர் ஊரில் இல்லாத தைரியத்தில்தான் செந்தில்வேல் அந்தக் காரியத்தைச் செய்தான். மாப்பிள்ளையூரணி தாண்டி உப்பளத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது கிளப்பார் சுட்டுப் பழகுகிற மண்மேடு. விடிந்ததும், காற்று எழும்புவதற்கு முன்னால், கனத்த பலகையில் வைஸைப் பூட்டி, ரைபிளுக்குச் சாக்குத் துணி சுற்றி இறுக்கினான். காவல்காரர் சிவனாண்டி அட்டையை மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். செந்தில்வேல் பொறுமையாகச் சுட்டான். ஒரு பெட்டித் தோட்டாவில் பாதி தீர்ந்தது.

சிவனாண்டி போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார். "தம்பி, ஒண்ணுதான் பட்டிருக்கு! மத்ததெல்லாம் எங்க போச்சு?"

மற்றதெல்லாம் அந்த ஒன்றுக்குள்தான் போயிருந்தது. அட்டையைக் கையில் வாங்கியபோது செந்தில்வேலுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தன் கைவேலையில் பழுதில்லை என்கிற அற்பச் சந்தோஷம். அது வெகுநேரம் நிற்கவில்லை.

ரைபிளை வைஸிலிருந்து கழற்றி, அத்தான் படுக்கிற பாயில் அத்தான் படுக்கிற மாதிரி படுத்தான். இதுவரை அவன் அப்படிச் செய்ததில்லை. அளவுகோல் வைத்துப் பார்ப்பான், தாள் செருகிப் பார்ப்பான். அத்தானுக்கென்று செதுக்கிய இடத்தில் தன் கன்னத்தை வைக்க அவனுக்கு மனம் வந்ததில்லை. இப்போது வைத்தான். கன்னம் எங்கோ பள்ளத்தில் போய் விழுந்தது. கழுத்தை ஒடித்து, முகத்தைத் திருகித்தான் துளைக்கு நேரே கண்ணைக் கொண்டுபோக முடிந்தது. துளை வழியே அவன் கடைந்த வளையம் வண்டிச் சக்கரம் மாதிரித் தெரிந்தது. கறுப்புப் பொட்டு அதற்குள் எங்கேயோ கிடந்தது. நல்ல கண் இருக்கிற எவனாலும் இந்த ரைபிளில் சுட முடியாது என்று அவனுக்குப் புரிந்தது. அத்தானின் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த வழியெல்லாம் அவன் கூடவே போய், அது போவது தெரியாதபடி ரைபிளைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறான். சிவனாண்டி தண்ணீர் கொடுத்தார், வாங்கினான், குடிக்கவில்லை.

சாத்தூரிலிருந்து திரும்பிய தாணுலிங்கத்திடம் மண்டியில் வைத்தே சொன்னான். சுற்றிலும் வத்தல் மூட்டைகள். அவர் தும்மாமல் கேட்டுக்கொண்டார்.

"வைஸ்ல கட்டுனியா?"

"ஆமா அத்தான்."

அவர் முகத்தை மூட்டைகள் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தான் தன்னை ஓங்கி ஒரு அறை அறைந்தால் நன்றாக இருக்கும் என்று செந்தில்வேலுக்குத் தோன்றியது.

"எல்லாம் ஒரே ஓட்டையா?"

"ஒரே ஓட்டை."

"அப்பம் நாந்தான்," என்றார் தாணுலிங்கம்.

மதுரையில் கண் டாக்டர் இருட்டறையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்திருக்கிறது, இடது கண் ஏறக்குறைய முடிந்துபோயிற்று, குறிபார்க்கிற வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஆபரேஷன் செய்தால் அந்த மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். போனது போனதுதான். ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார். டாக்டர்கள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

"இவ்வளவு தூரம் போற வரைக்கும் எப்படிங்க கவனிக்காம இருந்தீங்க? துப்பாக்கி சுடுறவர்ங்கிறீங்க, முதல்ல உங்களுக்குத்தானே தெரிஞ்சிருக்கணும்?"

தாணுலிங்கம் சிரித்தார். டாக்டருக்குப் பதில் சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தில் அவருக்குப் பெருமை கூட வந்துவிட்டது. "எங்கய்யா தெரியுது? என் மச்சினன் வேலை அப்படி. எனக்குக் கண்ணு கொறையக் கொறைய இவன் ரைபிளைச் சரி பண்ணித் தந்துக்கிட்டே இருந்தாம்லா. இந்தக் கைக்கு மெட்ராஸ்லயும் ஆள் கெடையாது."

சொல்லிவிட்டு, செந்தில்வேல் நிற்கிறான் என்று நினைத்த பக்கம் கையை நீட்டினார். அவன் மறுபக்கம் நின்றிருந்தான். டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, குனிந்து மருந்து எழுதத் தொடங்கினார். அத்தான் திட்டியிருந்தால் ஒருநாள் ஆறிப்போகும். இந்தப் பாராட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று செந்தில்வேலுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள். இத்தனை வருஷமும் அத்தானுக்கு ஓரடி பின்னால் நடந்தவன், இன்றைக்கு அவருடைய இடதுபக்கம் ஒட்டி நடந்தான். கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெருமுனைவரை யோசித்துக்கொண்டே வந்து, பிடிக்காமலே வந்து சேர்ந்துவிட்டான். முத்துக்கனி நடையில் நின்றிருந்தாள்.

"டாக்டரு என்ன சொன்னாவ?"

"ரைபிள்ல ஒரு கோளாறும் இல்லையாம்," என்றார் தாணுலிங்கம். "குளிக்கத் தண்ணி எடுத்து வைளா."

அவள் புருஷனைக் கேட்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்வையை வீட்டுக்குள் திருப்பினான். நடையில் ஸ்டூல் இல்லை. கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் சுவரோடு ஒண்டிக் கிடந்தன. குத்துவிளக்கு மூலைக்குப் போயிருந்தது. வாசற்படிகளின் விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு இழுத்திருந்தது. பண்டிகை ஒன்றும் இல்லை. தையல் மிஷின் நின்ற இடத்தில் அதன் கால் தடம் மட்டும் தரையில் தெரிந்தது. வாசலிலிருந்து பின்கட்டுவரை ஒரு சாமான் இல்லாமல் வீடு திறந்து கிடந்தது.

தாணுலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, எதன்மேலும் தட்டாமல், எப்போதும் போல வேகமாக உள்ளே நடந்து போனார்.